ரைன் நதிப் படகுப் பாட்டு

ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சென்னையில் மூன்று வருடம் ஜெர்மன் படித்தேன். அலுவலகம் முடிந்து மாலை வகுப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே வினைச்சொற்களை மனப்பாடம் செய்வேன். கடைசித் தேர்வு எழுதி முடித்த கையோடு கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் வேலை.

“ஜெர்மனி, ஜெர்சி, ரெண்டும் ‘ஜெ’தானே. பாதி தூரம் வந்தாச்சுன்னு வெச்சுக்கோயேன்” என்றார் அவர். புதுப் பெண் என்பதால் அப்போது சிரித்துவைத்தேன்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும், மாடிப்படியில் குஜராத்தி கேட்கும். ஜெர்மனுக்கு மட்டும் வேலையே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு நானே ஜெர்மனில் பேசிக்கொள்வேன். அப்படிப் பல வருடம் ஓடிய பிறகுதான், கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரையில் ஜெர்மன் கிளப் ஒன்று இருப்பது தெரிந்தது. நூறு வருடங்களுக்கு முன் வந்த ஜெர்மன் தொழிலாளர்கள் ஆரம்பித்தது. அங்கே நீச்சல் குளமும் உண்டு. மகளுக்கு அப்போது எட்டு வயது, நீச்சல் கற்றுக்கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தோம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

உறுப்பினராக வேண்டுமென்றால் ஜெர்மன் வம்சாவளியாக இருக்க வேண்டும், அல்லது ஜெர்மன் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நேர்காணலுக்குப் போனேன். மான் தலை மாட்டிய ஹாலில் கமிட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தது. நான் வீட்டில் தயார் செய்துகொண்டு போனதை, படிப்பு, ஊர், குடும்பம், மொழி மேல் ஆசை வந்த கதை எல்லாவற்றையும், இலக்கணப் பிழை இல்லாமல் சொல்லி முடித்தேன். தீயணைப்பு வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பிரசிடெண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “யா, யா” என்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“நீங்கள் சொன்னது எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் கேட்க ரொம்ப அழகாக இருந்தது.”

உடனே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்திலேயே பண்பாட்டுச் செயலாளர் பதவியையும் கொடுத்தார்கள். பழைய பீர்க் குவளைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வதும், ஜெர்மனியிலிருந்து வரும் கடுகு பாட்டிலில் காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அந்தப் பதவியின் கடமைகள். ஜெர்மன் கிளப்பில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள், நம்ம ஊர்ப் பெண்.

நல்ல மனிதர்கள். என் மகளுக்காகவே இறைச்சி போடாமல் தனியாக உருளைக்கிழங்கு சாலட் செய்யும் ஓர் அம்மா இருந்தார். கமிட்டியில் சமையல் பொறுப்பு அவருடையது. கோடைகாலப் பிக்னிக் முடியும்போது எல்லோரும் ஏரியைப் பார்த்து நின்று ஒரு பாட்டு பாடுவார்கள். பேண்ட் வாத்தியம் முழங்கும். குழந்தைகள் துடுப்புப் போடுவதுபோல அபிநயம் பிடிப்பார்கள். பல்லவி வரும்போது அத்தனை பேரும் வலது கையைத் தூக்கி, படகில் போகிறவர்களுக்கு டாட்டா காட்டுவதுபோல விரல்களை ஆட்டுவார்கள். ‘ரைன் நதிப் படகுப் பாட்டு’ என்று அதற்குப் பெயர். ‘போட் பை த ரைன்’ என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வருவதால் அந்தப் பெயர் வந்தது. மற்ற வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. சென்னைத் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவர் முதல் தடவை யாழ்ப்பாணத் தமிழ் கேட்பதுபோல, ஏதோ வட்டார வழக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் வருடம் நானும் கையைத் தூக்கினேன். வீட்டுக்காரர் ஒரு கையில் பேப்பர் தட்டோடு இன்னொரு கையைத் தூக்கினார். போட்டோகூட இருக்கிறது.

இரண்டாம் வருடக் கோடையில் ஒருநாள் நீச்சல் வகுப்பு முடிந்து ரூட் ஒன் நெடுஞ்சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் ஈரத் தலையோடு மகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோதுதான் காதில் விழுந்தது. அவள் ‘போட் பை த ரைன்’ என்று பாடவில்லை. ‘ப்ளூட் ப்ளைப்ட் ரைன்’ என்று பாடினாள்.

ரத்தம் தூய்மையாகவே இருக்கும் என்று அர்த்தம்.

“கண்ணம்மா, மறுபடி பாடு.”

“வொய்?”

“சும்மா பாடேன்.”

முதலிலிருந்து பாடினாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் தலைவரின் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறோம், கைகள் உயரட்டும், எங்கள் ரத்தம் தூய்மையாகவே இருக்கும், அந்நியர்கள் அஞ்சி ஓடுவார்கள். துடுப்பு அபிநயத்தோடு பாடினாள். பச்சை விளக்கு விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“யாருடா சொல்லிக் குடுத்தா உனக்கு?”

“த ஓல்ட் லேடி பை த பூல். ஷீ செட் எவ்ரிபடி சிங்ஸ் இட் ராங்.”

“அர்த்தம் சொன்னாங்களா?”

“ஷீ செட் இட்ஸ் எ வெரி பேட் சாங் வித் எ வெரி குட் ட்யூன்.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“என்னடீ சொல்றே? நான்கூட கைய தூக்கினேனே!”

“நானும்தான் தூக்கினேன்.”

“அந்த போட்டோவ ஃபேமிலி க்ரூப்ல வேற போட்டேன். மெம்பர்ஷிப்ப கேன்சல் பண்ணிட்டு வந்துடு. நமக்கெதுக்கு வம்பு?”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து அதே மெட்டு சீட்டியாக வந்தது. கதவைத் தட்டினேன். நின்றது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், அமெரிக்காவுக்கு வந்த ஜெர்மன்காரர்களில் ஒரு கூட்டம் ஊரில் ஆண்டுகொண்டிருந்த மீசைக்காரருக்கு இங்கிருந்தே கொடி பிடித்திருக்கிறது. சீருடை, அணிவகுப்பு, கோடைக்காலத்தில் குழந்தைகளுக்கு ஏரிக்கரை முகாம். அப்படி முகாம்கள் நடந்த இடங்களில் நியூ ஜெர்சியும் உண்டு. முகாமில் வெந்நீர் இல்லை, கொசு அதிகம், ஆனால் பேச்சுகளுக்குக் குறைவில்லை. அவர்களில் பலர் வேலையும் சோறும் தேடி வந்தவர்கள். திரும்பிப் போகும் உத்தேசமே இல்லாதவர்கள். படிக்கும்போது எங்கள் வளாகத்தில் இருக்கும் ஒருவர் ஞாபகம் வந்தது. ஊருக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் அவரிடம் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுகிறார்கள். ஆனால் ஊர்த் தலைவர் ஒருவரின் பேச்சை விடியற்காலையில் எழுந்து நேரலையில் பார்த்து, கண் கலங்கி, எங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அவர் கெட்டவர் இல்லை. என் கார் நின்றுபோனால் முதலில் வருகிறவர் அவர்தான். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிரசிடெண்டிடம் நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “படகு இல்லையா?” என்றார்.

“இல்லை. படகே கிடையாது.”

“ஒரு படகுகூட?”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய அப்பாவின் இறுதிச் சடங்கில் அந்தப் பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள்.

கமிட்டி கூடியது. பாட்டை இனிமேல் முனகலாம், வார்த்தைகள் வேண்டாம் என்றார் ஒருவர். இன்னும் வேகமாகப் பாடினால் யாருக்கும் புரியாது என்றார் இன்னொருவர். பேண்ட் வாசிக்கும் தாடிக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“இத்தனை வருடம் யாருக்கும் புரியவில்லை. ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது ஒரே ஒருவருக்குப் புரிகிறது. அப்படியென்றால் பிரச்சினை பாட்டில் இருக்கிறதா, இல்லை…”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. ஒழுகும் குழாயைப் பார்ப்பதுபோல, இதை எப்படிச் சரி செய்வது என்ற அக்கறையோடு பார்த்தார்கள்.

நான் சொல்வது சரிதானா என்று சோதிக்கவும் அங்கே ஆள் இல்லை. சமையல் பொறுப்பு அம்மா போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். கமிட்டி மொத்தமும் எழுந்து நின்று பாடியது. செயலி சற்று யோசித்துவிட்டு, ‘வாத்துகள் என் அத்தையின் காலணியை வாங்கிக்கொண்டன’ என்று காட்டியது. மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு. “பாருங்கள், வாத்து. ஏரி சம்பந்தப்பட்டதுதான்” என்றார் தாடிக்காரர். இதை ஒரு சான்றாகக் கூட்டக் குறிப்பில் சேர்க்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மகளுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த குளத்தங்கரை அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தொண்ணூறைத் தாண்டியவர். கோடை முழுக்கப் பெரிய வைக்கோல் தொப்பியோடு குளத்தோரம் உட்கார்ந்திருப்பார். யாருடனும் அதிகம் பேசமாட்டார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெதுவாக ஹாலுக்குள் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஆமாம். அவள் சொல்வது சரி” என்றார். “நீங்கள் மூன்று சரணம் பாடுகிறீர்கள். நாலாவதும் இருக்கிறது.”

யாரும் கேட்காமலே அதைப் பாடினார். மெல்லிய, நடுங்காத குரல். மற்றவர்களுக்கு மெட்டு மட்டும் கேட்டது. எனக்கு வார்த்தைகளும் கேட்டன. நாலாவது சரணம் யூதர்களைப் பற்றியது. கடைகளைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும். பாடி முடித்ததும் தாடிக்காரர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை?” என்று பிரசிடெண்ட் அந்த அம்மாளிடம் கேட்டார்.

“நீங்கள் படகு என்று சந்தோஷமாக இருந்தீர்கள். நானும் படகே இருக்கட்டும் என்று நினைத்தேன்.”

“என் பொண்ணுக்கு மட்டும் ஏன் சொல்லிக் கொடுத்தீங்க?” என்று நான் ஜெர்மனில் கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

“அவள் கேட்டாள்” என்று அவரும் ஜெர்மனில் சொன்னார். “இங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை. குழந்தை சரியான வார்த்தை என்ன என்று கேட்கும்போது தப்பாகச் சொல்ல வாய் வரவில்லை.”

பழைய வார்த்தைகள் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. மெட்டு இருக்கட்டும், புது வார்த்தை போடலாம். எழுதக்கூடியவர் யார்? மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே நிபந்தனை, கண்டிப்பாகப் படகு இருக்க வேண்டும். கை தூக்குவதை என்ன செய்வது என்று இன்னொரு விவாதம் நடந்தது. குழந்தைகளுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். “இரண்டு கையையும் தூக்கிவிடலாமே?” என்றார் சமையல் பொறுப்பு அம்மா. அதுவும் நிறைவேறியது.

எழுதினேன். ஜெர்மனில் கொசுவுக்கும் பாலத்துக்கும் எதுகை அமையும். முதல் சரணம் ஓட்டை விழுந்த ஒரு படகு, இரண்டாவது பாலத்தடிக் கொசு, மூன்றாவது வீட்டுக்குப் போக மறுக்கும் குழந்தைகள். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “டியூனுக்கு கரெக்ட்டா உக்காருதே, பேசாம நீ சினிமாவுக்கு எழுதப் போயிருக்கலாம்” என்றார். மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ணுவதைப் பற்றி அவரும் பிறகு பேசவில்லை.

புதுப் பாட்டுக்கு ஒத்திகை நடந்த சமயத்தில்தான் ஓர் இளைஞன் வந்து கிளப்பில் சேர்ந்தான். முப்பதுக்குள் இருக்கும். வெட்டிச் சீவிய தலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எனக்குக் கதவைத் திறந்து பிடிப்பான். பெரியவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவான். கமிட்டிக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் ஹால் வாசலில் என்னிடம் வந்தான்.

“மேடம், பழைய பாட்டு உங்களுக்கு முழுசாகத் தெரியும் என்றார்கள். வார்த்தைகள் வேண்டும். உச்சரிப்பையும் நீங்கள் திருத்திக் கொடுத்தால் நல்லது.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.”

அவன் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. நூலகத்தில் புத்தகம் கேட்பவனைப்போல நின்றான்.

“அந்நியர்கள் அஞ்சி ஓடுவார்கள் என்று அதில் ஒரு வரி இருக்கிறது” என்றேன்.

“அது உங்களைத் தனிப்பட்ட முறையில் சொல்வது அல்ல” என்றான், என்னைத் தேற்றுவதுபோல. “உங்களைப் போன்றவர்களை நாங்கள் மதிக்கிறோம். உங்கள் மரபை நீங்கள் காப்பாற்றுகிறீர்கள். எங்கள் மரபை நாங்கள். நீங்கள் உங்கள் இடத்தில் இருந்து, நாங்கள் எங்கள் இடத்தில்…”

“முடியாது” என்றேன். அவன் தலையசைத்துவிட்டு, நான் போவதற்குக் கதவைத் திறந்து பிடித்தான். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கதவைப் பிடித்ததற்கு அவனுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மகளோடு குளத்துக்குப் போனால், வைக்கோல் தொப்பி அம்மாளின் நாற்காலிக்கு முன்னால் அவன் வலது கையை நீட்டி உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தான். நல்ல வெயில். அந்த அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மகள் என் கையை இழுத்தாள். “அம்மா, வொய் இஸ் ஹி ரெய்சிங் ஹிஸ் ஹேண்ட்? டஸ் ஹி நீட் த பாத்ரூம்?”

அவள் பள்ளியில் அப்படித்தான் அனுமதி கேட்பார்கள். குளத்தில் இருந்த பொடிசுகளும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். ஒரு பையன் தண்ணீரிலிருந்து, பாத்ரூம் அந்தப் பக்கம் என்று உரக்க வழி சொன்னான். உயிர்காப்பாளராக இருந்த பெண் உயர நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, “சார், ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டாள்.

அவன் காது சிவந்துவிட்டது. “எவ்வளவு நேரம்?” என்று அந்த அம்மாளைக் கேட்டான்.

“பாட்டு கையிலிருந்து ஆரம்பிக்கும். அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்” என்றார் அவர். “ஆறு வயதில், போட்டோக்காரர் வரும்வரை நின்றேன். முழங்கைக்குள் கொசு கடித்தது. அசையக் கூடாது என்று அப்பா சொன்னார். நான் அசையவில்லை.”

அவன் கை மெல்லக் கீழே வந்தது. “போட்டோக்காரர் இன்னும் வரவில்லை” என்றார் அந்த அம்மாள். மறுபடி தூக்கினான். தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கையைத் தொங்கப் போட்டுவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் வண்டி நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தான். “ஆறு வயதுப் பெண்ணின் அளவுக்குக்கூட இல்லை” என்றார் அவர், காப்பிக் கோப்பையை என்னிடம் நீட்டி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் ஜெர்மனில் நிறையப் பேசினார். போர் தொடங்கிப் போலீஸ் வீடு வீடாக வர ஆரம்பித்தபோது அவருடைய அப்பா சீருடைகளையும் கொடிகளையும் கொல்லையில் போட்டு எரித்தாராம். கனமான கம்பளித் துணி. எரியாமல் புகைந்துகொண்டே இருந்ததாம். தீயணைப்பு வண்டியே வந்துவிட்டதாம். நாளையிலிருந்து இந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படியே சொன்னார்கள்.

“அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதன் பிறகு கடையில் விரலால் காட்டித்தான் காய் வாங்கினாள். எங்களிடம் பேசுவதே குறைந்துபோயிற்று. தாலாட்டு, கதை, சமையல் குறிப்பு, எல்லாம் போயிற்று. இந்தப் பாட்டு மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. மெட்டு நன்றாக இருந்ததால்.”

அந்த இளைஞன் பிறகு கிளப் பக்கம் வரவில்லை. பிரசிடெண்ட் அவன் பெயரை நீக்கிவிட்டார். வார்த்தைகளை அவன் வேறு எங்காவது தேடிப் பிடித்திருப்பான். அதற்கெல்லாம் இந்தக் காலத்தில் என்னைப் போன்ற ஒருத்தியின் உதவி தேவையில்லை.

பிக்னிக் வந்தது. புதுப் பாட்டைப் பாதிப் பேர் மனப்பாடம் செய்திருந்தார்கள். மீதிப் பேர் நாக்குப் பழக்கத்தில் பழையதைத் தொடங்கி, நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டு, சிரித்து, கொசுவுக்குத் தாவினார்கள். பல்லவி வந்ததும் எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்கள். பார்ப்பதற்கு மொத்தக் கிளப்பும் போலீஸிடம் சரணடைவதுபோல இருந்தது. வாத்தியம் நின்ற பிறகும் சிலர் கையை இறக்க மறந்து நின்றார்கள். வைக்கோல் தொப்பி அம்மாள் நாற்காலியில் தூங்கிவிட்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் பிரசிடெண்ட் எனக்குப் போன் செய்தார். கிளப்பில் ஜெர்மன் வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை காலை ஹாலுக்குப் போனால், தாடிக்காரர், சமையல் பொறுப்பு அம்மா உட்படப் பத்துப் பன்னிரண்டு பேர் புது நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுபோலவே, ‘என் பெயர் இன்னது’ என்பதிலிருந்து தொடங்கலாம் என்று போர்டில் எழுதினேன். பிரசிடெண்ட் கையைத் தூக்கினார். தூக்கியதும் சட்டென்று இன்னொரு கையையும் சேர்த்துத் தூக்கினார்.

“பெயரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முதலில் வேறு ஒரு வாக்கியம் வேண்டும். ‘எனக்கு அது தெரியாமல் போயிற்று’ என்பதை எப்படிச் சொல்வது?”

அழித்துவிட்டு அதை எழுதினேன். இஷ் ஹாபே எஸ் நிஷ்ட் கெவுஸ்ட். வினைச்சொல்லின் முக்கியப் பகுதி கடைசியில் வரும், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும், எங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று சொன்னேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர்கள் சேர்ந்து சொன்னார்கள். ‘நிஷ்ட்’ யாருக்கும் சரியாக வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். உரக்க, பள்ளிப் பிள்ளைகளைப்போலச் சொன்னார்கள். உச்சரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டு வந்தது.